கல்கத்தா அத்தை பதில்கள்: ஹவுரா பாலத்தில் ஒரு காலை

போன மாதம் பருத்திப் புடவைக்குக் கஞ்சி போடுவது பற்றிப் பதில் எழுதும்போது, "ஹவுராவில் குடியிருந்த காலத்தில்" என்று தெரியாத்தனமாக ஒரு வரி எழுதிவிட்டேன். கஞ்சியை யாரும் சீண்டவில்லை. வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் ஹவுரா பாலத்தைப் பற்றித்தான். சரி, இந்த மாதம் முழுக்க அதுவே இருக்கட்டும். ஊறுகாய், மாமியார் கேள்விகள் அனுப்பியவர்கள் பொறுத்துக்கொள்ளுங்கள்.

புதிதாகப் படிப்பவர்களுக்காக: என் கணவருக்கு ரயில்வேயில் வேலை. 1986 முதல் 2005 வரை 19 வருஷம் கல்கத்தாப் பக்கம் இருந்தோம். முதல் 11 வருஷம் ஹவுராவில் குவார்ட்டர்ஸ். என் அலுவலகமோ ஹூக்ளி ஆற்றுக்கு அந்தப் பக்கம், கல்கத்தா டல்ஹௌசியில். ஞாயிறு தவிர தினம் இரண்டு தடவை பாலத்தைக் கடந்தாக வேண்டும்.

கேள்வி: காசிக்குப் போகும் வழியில் கல்கத்தாவில் ஒரு நாள் தங்குகிறோம். என் பெற்றோருக்கு 70 வயதுக்கு மேல். ஹவுரா பாலத்தைப் பார்க்க எவ்வளவு நேரம் ஒதுக்க வேண்டும்? நுழைவுக் கட்டணம் உண்டா?
*(வாசகர், திருநெல்வேலி)*

கட்டணம் கிடையாது, வாசல் கதவும் கிடையாது. அது ஒரு சாலை. தினம் சுமார் ஒரு லட்சம் வண்டிகளும், அதைவிட அதிகமாக ஜனங்களும் கடக்கிற சாலை. டாக்ஸியில் போனீர்களானால் ஜன்னலுக்கு வெளியே இரும்புச் சட்டங்கள் சரசரவென்று ஓடும். அப்பா "இதுதானாடா?" என்று கேட்டு முடிப்பதற்குள் அக்கரை வந்துவிடும். ஊருக்குத் திரும்பி, "பெரிசா ஒண்ணும் இல்லை" என்பார்கள். டாக்ஸியில் பார்த்த எல்லோரும் சொல்வது அதைத்தான்.

நீங்கள் நடங்கள், பெற்றோரைப் படகில் ஏற்றுங்கள். ஹவுரா ஸ்டேஷன் எதிரிலேயே படகுத்துறை இருக்கிறது. அங்கே படகு என்றால் யாருக்கும் புரியாது, 'லஞ்ச்' என்று கேட்க வேண்டும். பாபுகாட், ஆர்மீனியன் காட், பாக்பஜார் என்று பல துறைகளுக்கு லஞ்ச் போகும். நீங்கள் பாக்பஜார் பக்கம் போவதைப் பிடியுங்கள். படகுத்துறை பாலத்துக்குத் தெற்கே, பாக்பஜார் வடக்கே. ஆகவே லஞ்ச் பாலத்துக்கு அடியில் நுழைந்துதான் போகும். அந்த நேரத்தில் அம்மாவையும் அப்பாவையும் அண்ணாந்து பார்க்கச் சொல்லுங்கள். ஆற்றுக்குள் ஒரு தூண்கூட இல்லாமல் அத்தனை இரும்பும் தலைக்கு மேல் நிற்பது, அடியில் போனால்தான் உறைக்கும். என் மாமனார் முதல் தடவை அப்படிப் போனபோது பேச்சை நிறுத்திவிட்டார். அவர் பேச்சை நிறுத்திப் பார்த்த சந்தர்ப்பங்கள் குறைவு.

ஒரே ஒரு எச்சரிக்கை. ஹூக்ளியில் கடல் ஓதம் வந்து போகும். நீர் வற்றியிருக்கும் நேரத்தில் மிதவைத் துறைக்கு இறங்கும் பாலப்பாதை நல்ல சரிவாக இருக்கும். அம்மாவுக்கு முழங்கால் வலி இருந்தால் கையைப் பிடித்து மெல்ல இறக்குங்கள்.

நீங்கள் நடப்பதென்றால் காலை 6 மணிக்குக் கிளம்புங்கள். ஹவுரா பக்கமிருந்து வலது கைப்புற நடைபாதை. பாலம் 705 மீட்டர்தான், ஆனால் எதிரே கூட்டம் வருவதால் இருபது நிமிஷம் பிடிக்கும். தலையில் மூட்டை வைத்தவர் பின்னாலிருந்து குரல் கொடுத்தால் திரும்பிப் பார்த்துக்கொண்டு நிற்காதீர்கள், உடனே ஒதுங்குங்கள். அவரால் நிற்க முடியாது. நடுவில் நின்று தெற்கே பார்த்தால், 1992இல் திறந்த வித்யாசாகர் சேது கம்பி கட்டிய வீணைபோலத் தெரியும். பாலம் முடியுமிடத்தில் வலப்புறம் படி இறங்கினால் பூச்சந்தை. அதைத் தாண்டி ஆர்மீனியன் காட், அங்கிருந்து லஞ்சில் திரும்ப ஹவுரா. மொத்தம் மூன்று மணி நேரம் வையுங்கள்.

அப்புறம், சென்னையிலிருந்து கோரமண்டல் ரயிலில் டிக்கெட் எடுத்தால் அது இப்போது ஷாலிமார் ஸ்டேஷனோடு நின்றுவிடும். ஹவுரா மெயில்தான் பெயருக்குத் துரோகம் செய்யாமல் ஹவுராவுக்கே போகிறது.

கேள்வி: எங்கள் குடும்பம் மூன்று தலைமுறையாகப் பூ வியாபாரம். ஹவுரா பாலத்தடிப் பூச்சந்தையைப் பற்றிக் கேள்விப்பட்டிருக்கிறேன். நம்ம ஊர்ச் சந்தைக்கும் அதற்கும் என்ன வித்தியாசம்?
*(வாசகர், நிலக்கோட்டை)*

நிலக்கோட்டைக்காரருக்கே பூச்சந்தை பற்றிச் சொல்ல வேண்டியிருக்கிறதே!

முதல் வித்தியாசத்தை நான் பட்டுத் தெரிந்துகொண்டேன். போய்ச் சேர்ந்த முதல் வெள்ளிக்கிழமை, தலைக்கு மல்லிகை வாங்கலாம் என்று அந்தச் சந்தைக்குப் போனேன். மல்லிக் காட் என்ற பெயரைக் கேட்டு, மல்லிகைப் பூவினால் வந்த பெயர் என்றே நினைத்திருந்தேன். அது 1855இல் மல்லிக் என்ற குடும்பத்தார் கட்டிய படித்துறை என்பது பிறகுதான் தெரிந்தது. கடைக்காரரிடம் வெள்ளைப் பூக்குவியலைக் காட்டினேன். "கோன் பூஜோ, திதி?" என்றார். எந்தப் பூஜைக்கு, அக்கா? பூஜைக்கு இல்லை, தலைக்கு என்று பின்னலைத் தொட்டுக் காட்டினேன். அவர் பக்கத்துக் கடைக்காரரைக் கூப்பிட்டார். அவர் இன்னொருவரைக் கூப்பிட்டார். சாமிக்குரியதைத் தினமும் தலையில் வைத்துக்கொள்ளும் பெண்மணியைப் பார்க்க மொத்தம் நாலு பேர் வந்தார்கள். கடைசியில் ஒரு பிடி உதிரிப்பூவை இலையில் வைத்துக் கொடுத்துவிட்டுக் காசு வேண்டாம் என்றார். வீட்டுக்கு வந்து, வாழைநார் இல்லாததால் தையல் நூலில் கட்டினேன். பிறகு அந்தக் கடைக்காரர் பதினோரு வருஷம் என் வெள்ளிக்கிழமை வாடிக்கை.

அங்கே பூ என்றால் பெரும்பாலும் சாமிக்கு, இல்லாவிட்டால் கல்யாணத்துக்கு. காளிக்குச் செம்பருத்தி, அவர்கள் 'ஜபா' என்பார்கள். 108 பூக் கோத்த மாலை தனியாகவே விற்கும். செம்பருத்தி நம் பக்கம் வேலியோரம் வாடுகிற பூ, அங்கே அதற்குப் பேரம் நடக்கும். சிவனுக்கு எருக்கு மாலை. நீல நிறத்தில் சங்குப்பூ மாலை பார்த்தால் விடமாட்டீர்கள், அத்தனை அழகு. நம் சம்பங்கிதான் அங்கே ரஜனிகந்தா. கல்யாண வீட்டில் அது இல்லாமல் ஒன்றும் நடக்காது. துர்கா பூஜை சமயத்தில் தாமரை மொட்டு மலைபோலக் குவியும், ஏனென்றால் சந்தி பூஜைக்கு 108 தாமரை வேண்டும்.

ஆனால் கண்ணை நிறைப்பது, செண்டுமல்லி என்றும் நாம் சொல்கிற துலுக்கச் சாமந்திதான். மஞ்சளும் ஆரஞ்சுமாகக் கோத்த சரங்களை, கயிற்றுக் கட்டைச் சுமப்பதுபோல ஆட்கள் தோளிலும் கழுத்திலும் போட்டுக்கொண்டு வருவார்கள். ஆள் தெரியாது, பூ நடந்து வரும். பாஞ்ச்குரா, கோலாகாட் பக்கமிருந்து லோக்கல் ரயிலிலேயே மூட்டை மூட்டையாக வந்து இறங்கும். விடிவதற்கு முன்பே மொத்த வியாபாரம் சூடாகிவிடும். நம்மைப் போல முழக்கணக்கு அங்கே இல்லை, மாலையைச் சர எண்ணிக்கையில் விற்பார்கள்.

நீங்கள் வியாபாரி என்பதால் உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை, மற்றவர்களுக்காகச் சொல்கிறேன்: தரை முழுக்க அழுகின பூவும் சேறும். தரை தழையும் புடவை வேண்டாம், வழுக்காத செருப்பு வேண்டும். அதோடு, நின்று வேடிக்கை பார்ப்பதை அவர்கள் பொறுப்பார்கள். வழியில் நின்று வேடிக்கை பார்ப்பதைப் பொறுக்கமாட்டார்கள். ஒரு சரமாவது வாங்கிக்கொண்டு பாருங்கள்.

கேள்வி: நான் ஃபேப்ரிகேஷன் பட்டறையில் வேலை பார்க்கிறேன். ஹவுரா பாலத்தில் நட்டு, போல்ட்டே கிடையாது என்கிறார்கள். நிஜமா? தூண் இல்லாமல் எப்படி நிற்கிறது?
*(வாசகர், திருச்சி)*

நிஜம்தான் தம்பி. முழுக்க ரிவெட். பழுக்கக் காய்ச்சி, துளையில் செருகி, மறுமுனையைத் தட்டிக் கொண்டையாக்குவது. அதைப் பற்றி உங்களுக்கு நான் பாடம் எடுக்கக் கூடாது. பாலத்தில் நடக்கும்போது தூண் சட்டத்தில் கை வைத்துப் பாருங்கள், வரிசை வரிசையாகக் கொண்டைகள் உள்ளங்கையில் படும். என் மகன் நாலு வயதில் அதை எண்ண ஆரம்பித்துப் பள்ளிக்கூட பஸ்ஸைத் தவறவிட்டான்.

தூண் இல்லாமல் எப்படி என்ற கேள்வியை நானும் கேட்டிருக்கிறேன். எங்கள் குவார்ட்டர்ஸ் மாடியில் இருந்த இன்ஜினீயர் சொன்ன விளக்கத்தை அடுப்படிக்கு ஏற்ற மாதிரி மாற்றிச் சொல்கிறேன். மதில் சுவர் மேல் ஒரு நீளப் பலகையைக் குறுக்கே வையுங்கள். உள்பக்க நுனியில் அம்மிக்கல்லை ஏற்றுங்கள். வெளிப்பக்கம் அந்தரத்தில் நீட்டிக்கொண்டு நிற்கும் அல்லவா? எதிர் மதிலிலும் அதேபோல இன்னொன்று. இரண்டு நுனிக்கும் நடுவில் மிச்சமிருக்கிற இடைவெளியில் மூன்றாவது பலகையைத் தாங்க வைத்துவிட்டால் வேலை முடிந்தது. அங்கே கரைக்கு ஒன்றாக இருக்கும் கோபுரங்கள்தான் மதில். ஆற்றின் மேல் நீண்டிருக்கும் கைகள் ஒவ்வொன்றும் 468 அடி, நடுத்துண்டு 564 அடி. கூட்டினால் 1,500 அடி. கட்டிய காலத்தில் இந்த வகையில் உலகத்திலேயே மூன்றாவது நீளமான பாலம். வண்டி ஓடுகிற தளம் மேலே இருக்கும் சட்டத்திலிருந்து தொங்குகிறது. நீங்கள் நடைபாதையில் பார்க்கும் செங்குத்துக் கம்பங்கள் பாலத்தைத் தாங்கவில்லை, தளத்தைத் தூக்கிப் பிடித்திருக்கின்றன.

இவ்வளவு சிரமம் எதற்கு? அங்கே முன்பு இருந்தது மிதவைப் பாலம். 1874இல் கட்டியது. கப்பல் போக வேண்டுமென்றால் நடுப்பகுதியைத் திறப்பார்கள், அதுவரை இரு கரையிலும் மாட்டுவண்டிகளும் ஜனங்களும் காத்துக் கிடக்க வேண்டியதுதான். கப்பலுக்கும் வண்டிக்கும் தினம் தகராறு. ஆற்றுக்குள் தூண் நட்டால் அதைச் சுற்றி வண்டல் சேர்ந்து துறைமுகமே கெட்டுவிடும் என்ற பயம் வேறு. அதனால்தான் தூணே இல்லாத பாலம்.

1936இல் வேலை தொடங்கியது. அஸ்திவாரத்துக்குப் பெரிய கூண்டுகளை மண்ணில் இறக்கினார்கள். தோண்டி எடுத்த சேற்றில் பழைய நங்கூரம், பீரங்கிக் குண்டு, பித்தளைப் பாத்திரம், கும்பினிக் காலத்து நாணயம் எல்லாம் கிடைத்தனவாம். ஒரு ராத்திரி கீழ்மண் விட்டுக்கொடுத்து, கூண்டு திடீரென்று இரண்டு அடி இறங்கியது. கிதர்பூரில் இருந்த நிலநடுக்கமானி அதைப் பூகம்பம் என்றே பதிவு செய்தது!

மொத்த எஃகு 26,500 டன். நடுவில் உலகப்போர் வந்து இங்கிலாந்திலிருந்து இரும்பு வரத்து நின்றுபோக, 23,500 டன்னை டாட்டா கம்பெனிதான் கொடுத்தது. 1943 பிப்ரவரி 3ஆம் தேதி திறந்தார்கள். ஜப்பான்காரன் கல்கத்தாவில் குண்டு போட்டு இரண்டு மாதம்கூட ஆகாத நேரம். அதனால் மேடை, மாலை, ரிப்பன் எதுவும் இல்லை. ஒற்றை டிராம் வண்டி ஒன்று கடந்து போனது, அவ்வளவுதான் திறப்பு விழா. ஒரு மின்கம்பம் திறப்பதற்குக்கூட மூன்று பேனர் கட்டுகிற நம் காலத்தை நினைத்துக்கொண்டேன்.

அந்த டிராமில் நானும் போயிருக்கிறேன். 1993இல் பாலத்தின் மேல் அதை நிறுத்திவிட்டார்கள். பஸ்ஸைவிட மெதுவாகப் போகும். ஆனால் உட்கார இடம் கிடைத்தால் ஆறு முழுவதும் நம்முடையது.

கேள்வி: மூன்று வருஷத்துக்கு முன் பார்த்தேன். கூட்டம், இரைச்சல், எங்கு பார்த்தாலும் வெற்றிலை எச்சில். இதற்குப் போய் இவ்வளவு பெருமையா?
*(வாசகி, கோயம்புத்தூர்)*

நீங்கள் சொல்வதில் ஒரு எழுத்துகூடப் பொய் இல்லை. என்னிடம் ஒரு வெங்காயச் சருகு நிறப் புடவை இருந்தது, முதல் சம்பளத்தில் வாங்கியது. பாலத்தில் ஒரு மகானுபாவர் பஸ் ஜன்னலிலிருந்து துப்பியதில் அதன் ஆயுள் முடிந்தது. எலுமிச்சை, உப்பு, தயிர் எல்லாம் போட்டுப் பார்த்தேன், போகவில்லை.

புடவை மட்டுமல்ல, இரும்பே தாங்கவில்லை. நடைபாதையோரக் கம்பங்களின் அடியில் எஃகு மூடிகள் உண்டு. பாக்கும் சுண்ணாம்பும் சேர்ந்த எச்சிலில் அவை அரித்து, 6 மில்லிமீட்டர் தடிமன் சில வருஷத்திலேயே பாதியாகக் குறைந்ததைப் பாலத்தைப் பராமரிக்கும் துறைமுகத்தார் கண்டுபிடித்தார்கள். பிறகு கழுவுவதற்குத் தோதாக ஃபைபர் கிளாஸ் உறை போட்டார்கள். குண்டு விழுந்த காலத்தில் நின்ற பாலத்துக்கு வெற்றிலைக்காரர்களிடமிருந்து பாதுகாப்பு!

பெருமை எதற்கு என்று கேட்டால், எனக்கும் பெருமை இல்லை. பழக்கம் இருக்கிறது. நீங்கள் மத்தியானம் போயிருப்பீர்கள் என்று நினைக்கிறேன். மத்தியானம் அங்கே நானும் எரிச்சலாகத்தான் இருப்பேன். இன்னொரு தடவை வாய்த்தால் விடிகாலையில் போய்ப் பாருங்கள். அப்போதும் பிடிக்கவில்லையென்றால் எழுதுங்கள், இதே பக்கத்தில் போடச் சொல்கிறேன்.

கேள்வி: பாலத்துக்கு ரவீந்திர சேது என்று பெயர் இருக்கிறதே, அங்கே எப்படிக் கேட்க வேண்டும்?
*(வாசகர், சேலம்)*

1965இல் தாகூர் பெயரை வைத்தார்கள். காகிதத்தில் அதுதான். பஸ் கண்டக்டர் வாயில் "ஹாவ்ரா, ஹாவ்ரா, ஹாவ்ரா" மட்டும்தான். 19 வருஷத்தில் ரவீந்திர சேதுவுக்கு டிக்கெட் கேட்ட ஒருவரையும் நான் பார்க்கவில்லை.

கேள்வி: ஆற்றுக்கு அடியில் மெட்ரோ ஓடுகிறதாமே, பாலத்தை விட்டுவிட்டு அதில் போகலாமா?
*(வாசகி, மதுரை)*

நான் ஊரைவிட்டு வந்த பிறகு வந்தது அது. 2024 மார்ச்சில் ஓட ஆரம்பித்தது. போன வருஷம் மகன் வீட்டுக்குப் போனபோது ஏறிப் பார்த்தேன். ஆற்றின் அடியில் 520 மீட்டரை 45 வினாடியில் தாண்டிவிடுகிறது. சுரங்கச் சுவரில் நீல விளக்கு போட்டிருக்கிறார்கள், இல்லாவிட்டால் எப்போது ஆறு வந்தது என்றே தெரியாது. நான் கைப்பைக்குள் கண்ணாடியைத் தேடி எடுத்து மாட்டுவதற்குள் அக்கரை. அவசரத்துக்கு அது. போகும்போது பாலம், வரும்போது மெட்ரோ என்று வைத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: பாலத்தின் மேல் போட்டோ எடுக்கலாமா? பக்கத்தில் நம்ம ஊர்ச் சாப்பாடு கிடைக்குமா?
*(வாசகி, நாகர்கோவில்)*

பாலத்தின் மேல் படம் எடுப்பதற்கு வெகு காலமாகவே தடை உண்டு. செல்போனில் எடுப்பவர்களைப் பார்க்கலாம்தான். ஆனால் நிற்கிற போலீஸ்காரர் வேண்டாம் என்றால் வாதாடாமல் உள்ளே வையுங்கள். நல்ல படம் வேண்டுமானால் லஞ்சிலிருந்தோ படித்துறையிலிருந்தோ எடுங்கள். பாலம் முழுசாக விழுவதும் அங்கிருந்துதான். ராத்திரி வண்ண விளக்கு போடுகிறார்கள். எனக்கு அதில் அவ்வளவு ஒட்டுதல் இல்லை, பாட்டிக்கு உதட்டுச்சாயம் பூசினது மாதிரி இருக்கிறது. குழந்தைகளுக்குப் பிடிக்கும்.

சாப்பாட்டுக்கு அங்கே நம்ம ஊரைத் தேடாதீர்கள். பூரி மாதிரியான கச்சூரியும் உருளைக்கிழங்குக் குழம்பும் சால் இலைத் தொன்னையில் தருவார்கள், சூடாக வாங்கிச் சாப்பிடுங்கள். மேலே மண் குவளையில் ஒரு டீ. குடித்ததும் குவளையைத் தூக்கிப் போட மனசு வராமல் நான் முதல் வாரம் ஏழெட்டு வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டேன். இட்லியும் ஃபில்டர் காபியும் இல்லாமல் முடியாது என்றால் தெற்கே லேக் மார்க்கெட் போங்கள். கறிவேப்பிலை முதல் கட்டின மல்லிகை வரை அங்கே உண்டு. ஹவுராவிலிருந்து வீடு மாறி நாங்கள் போனதும் அங்கேதான்.

கேள்வி: அத்தை, பாலத்தில் நின்றால் ஆடுமா? நான் ஏழாம் வகுப்பு.
*(வாசகி, கும்பகோணம்)*

ஆடும் கண்ணு. பயப்படுகிற மாதிரி இல்லை. சரியாக நடுவில் போய், கைப்பிடியைத் தொடாமல் ஓரமாக நில். ஆட்கள் நிறைந்த பஸ் ஒன்று வரும் வரை காத்திரு. முதலில் காதில் ஒன்றும் வித்தியாசம் தெரியாது, உள்ளங்காலில் தெரியும். தையல் மிஷின் ஓடும்போது மேஜையில் கை வைத்தால் வருமே, அந்த மாதிரி ஒரு நடுக்கம். தளம் மேலிருந்து தொங்குகிறது என்று திருச்சி மாமாவுக்கு எழுதியிருக்கிறேன் பார், அதனால்தான். செருப்பைக் கழற்றிவிட்டு நின்றால் இன்னும் நன்றாகத் தெரியும். ஆனால் கழற்றுவதற்கு முன்னால் கோயம்புத்தூர் அத்தைக்கு எழுதிய பதிலை ஒரு தடவை படித்துவிடு.